இரண்டு குழி மிச்சம்

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதலாம், பரவாயில்லை. வாரப் பத்திரிகைதானே, எப்படியும் பழைய பேப்பர்காரருக்குப் போகப்போகிறது.

67,46,32,83,88,800.

எழுதியாயிற்றா? இப்போது வாய்விட்டுப் படியுங்கள். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மூச்சு வாங்குகிறதல்லவா? ஏதோ ஊழல் வழக்கில் வருகிற தொகை என்று நினைத்துவிடாதீர்கள். இது ரொம்ப நல்ல எண். நான் பார்த்த மனிதர்கள் பலரைவிட நல்ல எண்.

எப்படி என்கிறீர்களா? இத்தனை ரூபாய் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்குப் பிரியுங்கள், சரியாகப் போகும். மூன்று பேர், நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று பேர், எத்தனை பேர் வந்து நின்றாலும் ஒரு ரூபாய் மீதி நிற்காது. இருபத்து மூன்று பேர் வந்தாலும் அப்படித்தான். இப்படி இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் மொத்தம் 10,080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாள், இருபத்து நாலு மணி, அறுபது நிமிடம். அதுவும் 10,080. வாரப் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதைவிடத் தோதான எண் கிடைக்குமா?

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சரிபார்க்கலாம். இரண்டை ஆறு தடவை, மூன்றை நாலு தடவை, ஐந்தை இரண்டு தடவை, ஏழை இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19, 23 ஆகியவற்றைத் தலா ஒரு தடவை, எல்லாவற்றையும் பெருக்கினால் இந்த எண் வரும். எத்தனை தடவையோ அதோடு ஒன்றைக் கூட்டி, அவற்றைப் பெருக்கினால் வகுக்கும் எண்களின் எண்ணிக்கை: 7 x 5 x 3 x 3 x 2 x 2 x 2 x 2 x 2. பத்தாயிரத்து எண்பது.

இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை வகுக்கும் எண்கள் கிடையாது. தன்னைவிடச் சின்னதுகள் அத்தனையையும் பங்கு போடுவதில் ஜெயிக்கிற எண்களை ஒரு தனி ஜாதியாகப் பிரித்து, பட்டியல் போட்டு, அவற்றின் நடத்தையை ஆராய்ந்தவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் காலேஜ் பரீட்சையில் தேறாத பையனுக்கு, 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த வேலைக்காகத்தான்.

இந்த ஜாதி எண்களை நம் முன்னோர்கள் பெயர் வைக்காமலே அறிந்திருந்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை என்று சும்மா வைக்கவில்லை. அறுபதை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரண்டு எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். நூறை வகுப்பவை ஒன்பதுதான். நூறு பெரியது, ஆனால் அறுபதுக்குத்தான் கை தாராளம். பெரிதாக இருப்பது வேறு, பங்குக்குப் பணிவது வேறு.

தமிழில் வகுத்தல் கணக்குக்கு வைத்திருக்கும் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? வகுத்து வருவது 'ஈவு'. ஈதல், கொடுத்தல். 'ஈவு இரக்கம் இல்லாதவன்' என்று திட்டுகிறோமே, அதே ஈவு. நாலாம் வகுப்பில் வாத்தியார் போர்டில் எழுதிப்போட்டார், நாம் மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். ஒவ்வொரு வகுத்தலும் ஒரு கொடுத்தல் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் ஓரத்தில் எழுதிய எண்தான் ராமானுஜன் போட்ட பட்டியலின் கடைசி எண். நூற்றுச் சொச்சம் எண்களைத் தாண்டி இங்கே வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. அந்த நீளமான பட்டியலில் ஒரே ஒரு எண் மட்டும் விடுபட்டுப்போயிற்று. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதாவது 2,93,31,86,25,600. இதுவும் அந்த ஜாதிதான். இதற்கு 5,040 வகுக்கும் எண்கள். பட்டியலில் உட்கார எல்லாத் தகுதியும் உண்டு. ஆனால் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. விடுபட்ட அந்த எண்ணை 23-ஆல் பெருக்குங்கள். நிதானமாகப் பெருக்குங்கள். என்ன வருகிறது? நீங்கள் ஓரத்தில் எழுதிவைத்த அதே எண்! பட்டியலின் கடைசியில் மகுடம் மாதிரி நிற்கிற எண்ணுக்குள்ளேயே, பட்டியலில் இடம் கிடைக்காத எண் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பெருக்கித்தான் இது உண்டாகியிருக்கிறது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கணித ஆர்வம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தருமபுரத்து அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

*

தருமபுரம் என்றதும் தருமபுரி என்று படித்துவிடாதீர்கள். மயிலாடுதுறை பக்கம் ஆதீனம் இருக்கிற தருமபுரமும் இல்லை. இது காரைக்காலை ஒட்டி, திருநள்ளாறு பக்கம் இருக்கிற தருமபுரம். சனிக்கிழமை சனி பகவானைப் பார்க்க அடித்துப்பிடித்து ஓடுகிற கூட்டம் இந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கிற கடைமடைப் பிரதேசம்.

அந்தப் பக்கத்தில் என் சிநேகிதன் குடும்பத்துக்கு ஒரு வேலி நிலம் இருந்தது. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வேலி என்றால் இருபது மா. ஒரு மா என்றால் நூறு குழி. பத்திரத்தில் என்ன அளவு வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும், ஊர் வாயில் மாவும் குழியும்தான். ஒரு குழி என்பது பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, ஒரு சின்ன அறை அளவு.

அப்பா காலமாகி வருஷத் திதி முடிந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர். திண்ணையில் பாகப்பிரிவினைப் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர், கூட நான். எனக்குக் கணக்கு வரும் என்று ஒரு பெயர். அந்த வயசில் அது கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. பேப்பரையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்கள்.

ஒரு வேலி, இரண்டாயிரம் குழி. மூன்று பேர். ஆளுக்கு அறுநூற்று அறுபத்தாறு குழி. மீதி இரண்டு குழி.

பிடித்தது சனி. இந்த இரண்டு குழி யாருக்கு? நிலத்தின் மூலையில் நல்ல காய்ப்பில் ஒரு தென்னை மரம் நின்றது. அது அந்த இரண்டு குழிக்குள் வரும்படி பெரியவர் கயிறு பிடித்தார். "மூத்தவன் எனக்குத்தான்" என்றார் ஒருவர். "அப்பாவைக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்தது யாரு?" என்றார் இன்னொருவர். சின்னவன் பேசாமல் எழுந்து போனான்.

நான் அந்தப் பேப்பரில் விதம்விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றால் வகுத்தால் இரண்டாயிரம் படியாது. ராமானுஜனே வந்தாலும் படியாது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல். "என்ன தம்பி, கணக்கு ஒத்து வரலையா?"

மூன்றாவது தடவையாகக் காபி கொண்டு வந்திருந்த அக்கா. மூன்று பேருக்கும் மூத்தவர். திருமருகல் பக்கம் வாக்கப்பட்டவர். திதிக்காக வந்திருந்தார். "மிச்சம் வருதுக்கா" என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். 'கல்யாணத்தில் சீர், நகை பெற்றுக்கொண்டபடியால், பூரண சம்மதத்தோடு' என்று வழக்கமான வாசகம். போட்டுக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து நான்.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பிகள் பல வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அந்த மரத்தில் யாரும் ஏறவில்லை. நெற்று விழுந்து அங்கேயே முளைத்துக் கிடந்தது. கடைசியில் 2018-ல் கஜா புயல் வந்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. வழக்கே இல்லை என்று ஆகிவிட்டது.

*

இங்கே உங்களை ஒன்று கேட்கிறேன். விடுபட்டுப்போவது பிழையா, பாவமா?

தமிழ் இலக்கணம் இதில் நமக்கு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. 'விட்டுட்டேன்' என்றால் செய்தவன் இருக்கிறான். 'விட்டுப்போச்சு' என்றால் யாருமே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பேர் விட்டுப்போச்சு. அட்வான்ஸ் கொடுக்கிறபோது வேலைக்காரம்மா கணக்கு விட்டுப்போச்சு. ஏதோ பேரும் கணக்கும் தானாகவே நடந்து வெளியே போய்விட்ட மாதிரி. யோசித்துப் பாருங்கள், நமக்கு வர வேண்டிய பங்கு என்றைக்காவது 'விட்டுப்போயிருக்கிறதா'? அதைச் சொல்லும்போது மட்டும் 'என்னை விட்டுட்டாங்க' என்று வினை சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ராமானுஜன் விஷயத்தில் அது பிழை, அவ்வளவுதான். அந்த எண் அழவில்லை. பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள், சேர்த்துக்கொண்டார்கள். நூறு வருஷம் கழித்துச் சேர்த்தாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையே முழுசாக அச்சாகவில்லை. யுத்த காலம், சங்கத்துக்குப் பணமுடை. பின்பகுதி நின்றுவிட்டது. ராமானுஜன் 1920-ல் முப்பத்திரண்டு வயசில் போய்விட்டார். மிச்சப் பக்கங்கள் அவருடைய 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்தோடு சேர்ந்து 1988-லும், குறிப்புகளோடு ஒரு கணித இதழில் 1997-லும்தான் வெளிவந்தன. கணக்கு காத்திருந்தது. மனிதரால் காத்திருக்க முடியவில்லை.

பிழைக்கும் பாவத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விடுபட்டது வலிக்காத பொருளாக இருந்தால் பிழை. விடுபட்டது மூச்சு விடுகிற ஆளாக இருந்து, அவர் நமக்குக் காபியும் கொண்டுவந்து கொடுத்தால், வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

"அவங்களே கேக்கலையே சார்" என்பீர்கள். நானும் பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். "கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே" என்பீர்கள். செய்தது யார் வீட்டுக்குப் போனது, யார் கையில் நின்றது என்று ஒரு தடவையாவது கணக்கு கேட்டிருக்கிறோமா? சட்டம் என்னவோ பேசிக்கொண்டுதான் இருந்தது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம். 1989-ல் தமிழ்நாட்டின் திருத்தம். 2005-ல் நாடு முழுவதற்குமான திருத்தம். 2020-ல் உச்ச நீதிமன்றம், மகளுக்குப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னது. எல்லாவற்றையும் தாண்டி, 'பூரண சம்மதம்' என்று ஒரு வரி போதுமானதாக இருக்கிறது.

நம்மை மட்டும் திட்டிக்கொள்ள வேண்டாம். பிளேட்டோவைப் பாருங்கள். 'சட்டங்கள்' என்ற நூலில் ஒரு நல்ல ஊருக்கு 5,040 நிலப்பங்குகள் வேண்டும் என்கிறார். ஏன் 5,040? ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும் என்பதற்காக. ராமானுஜன் பட்டியலில் அதுவும் ஓர் எண். விடுபட்ட எண்ணுக்கும் சரியாக 5,040 வகுக்கும் எண்கள்தான் என்று மேலே பார்த்தோம். எவ்வளவு அழகான கணக்கு! ஆனால் பிளேட்டோவின் ஊரில் ஒவ்வொரு நிலப்பங்கும் ஒரே ஒரு மகனுக்கு. பெண்களைக் கல்யாணம் பண்ணி அனுப்பிவிட வேண்டியது. அடிமைகள் அந்த 5,040-க்குள் சேர்த்தியே இல்லை. மீதியே வராத எண்ணைத் தேடிப் பிடித்த மகா மேதை, மனிதர்களையே மீதியாக நிறுத்திவிட்டார்.

காரைக்காலுக்கு வாருங்கள். ஆனி மாசம் மாங்கனித் திருவிழா. மாடியிலிருந்தெல்லாம் மாம்பழம் இறைக்கிற கூட்டம். அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். புருஷன் அனுப்பியது இரண்டு மாம்பழம். ஒன்று பசியோடு வந்த அடியாருக்குப் போனது. இன்னொன்று புருஷன் இலைக்குப் போனது. ருசி பிடித்து அவன் இரண்டாவதையும் கேட்டபோதுதான் கதையே ஆரம்பிக்கிறது. இரண்டு பழம், இரண்டு பேர், மீதி பூஜ்யம். புனிதவதியாருக்கு? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர் அடைந்த இடம் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தனக்குப் பங்கு வைத்துக்கொள்ளாத பெண்ணைக் கும்பிட்டுப் பழகிய நமக்கு, வீட்டில் இருக்கிறவளும் அப்படித்தான் இருப்பாள் என்று எடுத்துக்கொள்வது சுலபமாகிவிட்டது.

*

கஜா வந்து ஓரிரு வருஷம் கழித்து தருமபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன். சுவாமி பெயர் யாழ்மூரிநாதர். பெயருக்குக் காரணம் ஒரு பங்குத் தகராறுதான். நில பங்கு இல்லை, புகழ் பங்கு.

திருஞானசம்பந்தரோடு கூடவே போய் யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவர் அம்மா பிறந்த ஊர். அங்கே உறவுக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள். சம்பந்தர் பாட்டு ஊரெல்லாம் பரவுவது நம்ம பாணர் யாழ் வாசிக்கிறதால்தான் என்று. பாணர் என்ன செய்தார்? சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வராத பங்கு என் இலையில் விழுகிறதே என்று பதறிப்போனார். யாழுக்குள் அடங்காத ஒரு பாட்டைப் பாடுங்கள் என்று சம்பந்தரிடமே கேட்டுக்கொண்டார். பாட்டு வந்தது. யாழில் அடங்கவில்லை. கருவியை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, அடங்குகிற அளவு வாசியுங்கள், போதும் என்றார். பெரிய புராணம் சொல்கிற கதை.

கூடுதலாக வந்த பங்கைத் திருப்பிக் கொடுத்த மனிதரின் ஊர். அங்கே பிரகாரத்தில் வைத்து அக்காவைப் பார்த்தேன். முடியெல்லாம் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு சுற்றிச் சுற்றித் தென்னை மரத்துக்கு வந்தது.

"இரண்டு குழிக்காக இத்தனை வருஷம் வீணாப்போச்சேக்கா" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

அக்கா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"நாலாப் போட்டிருந்தா மிச்சமே வந்திருக்காது தம்பி. ஆளுக்கு அஞ்சு மா. நான் அன்னைக்கே காபி ஆத்தும்போது மனசுக்குள்ள போட்டுப் பாத்துட்டேன்."

இரண்டாயிரம் வகுத்தல் நாலு. ஐந்நூறு. மீதி பூஜ்யம். மூன்றாம் வகுப்புப் பையன் போடுவான். கணக்குப் புலி நான் போடவில்லை.

நான் வகுத்ததில் தப்பே இல்லை, பாருங்கள். 666 சரி, மீதி 2 சரி. தப்பு வகுத்தலில் இல்லை, வகுக்கும் எண்ணில். நம் வாழ்க்கையில் பெரும்பாலான அநியாயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. கணக்கு சுத்தமாக இருக்கும். தலை எண்ணியதில்தான் ஒன்று குறைந்திருக்கும்.

எல்லாருக்கும் எப்போதும் சமமாகத்தான் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொஞ்சம் கூடப் போகலாம், வசதி இல்லாதவருக்குக் கூடப் போகலாம். அதெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஆனால் முதலில் எண்ணிவிட்டுப் பேசுங்கள். திண்ணையில் இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள், அடுப்படியில் இருப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள். அவர் வேண்டாம் என்றே சொல்லட்டும். தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து சொல்கிற 'வேண்டாம்' வேறு, கணக்கிலேயே இல்லாதவரிடம் வாங்குகிற கையெழுத்து வேறு.

சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் இப்போது உபதேசம் செய்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத விடுங்க தம்பி, பஸ் வந்துடும்" என்று கிளம்பிவிட்டார். விட்டுப்போகவில்லை. விட்டது நான்தான்.

அந்த ஓரத்தில் எழுதிய எண்ணை அழிக்காதீர்கள். அதற்குள் 23 மடங்காக ஒளிந்திருக்கும் எண்ணையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கணக்கு ஏதாவது ஒன்றை எடுத்து, வகுக்கும் எண் சரிதானா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழ் வர இன்னும் 10,080 நிமிடம் இருக்கிறது.